நீல சீரம் முகத்துக்கு ஆபத்தா? காப்பர் பெப்டைட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு மருந்துக்கடையில் பதினான்கு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். காய்ச்சல் மாத்திரை வாங்க வருபவர்கள்கூட இப்போதெல்லாம் போனைத் திருப்பிக் காட்டி, "அக்கா, இந்த நீல சீரம் போடலாமா, ஏதாவது சைடு எஃபெக்ட் வருமா?" என்று கேட்கிறார்கள். பின்னால் நாலு பேர் நிற்கும்போது ஒரு வார்த்தைக்கு மேல் சொல்ல முடிவதில்லை. அவர்கள் காட்டுவது, சுருக்கம் குறைய முகத்தில் பூசும் காப்பர் பெப்டைட் கலந்த திரவத்தை. அதனால் கேட்டதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் தோல் டாக்டர் இல்லை. படித்ததையும், இரண்டு வருடமாக என் முகத்தில் போட்டுப் பார்த்ததையும், கவுண்டரில் கண்டதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

காப்பர் பெப்டைட் என்றால் என்ன?

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான சரம். அந்தச் சரத்தில் ஒரு சின்னத் துண்டுதான் பெப்டைட். நாம் பேசும் துண்டில் கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்று மூன்றே மூன்று மணிகள்தான். அது ஒரு செம்பு அயனியைக் கவ்விப் பிடித்திருக்கும். ஜிஎச்கே-சியு என்று சொல்வது இதைத்தான், டப்பாவின் பின்பக்கம் 'காப்பர் ட்ரைபெப்டைட்-1' என்று போட்டிருப்பதும் இதுதான்.

1973இல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். வயதானவர்களின் கல்லீரல் திசுவை இளையவர்களின் பிளாஸ்மாவில் வைத்தபோது அது இளம் திசு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்தது, அதற்குக் காரணம் எது என்று தேடிப் போனபோது கிடைத்தது இது. 20 வயதில் ஒரு மில்லி பிளாஸ்மாவில் சுமார் 200 நானோகிராம் இருப்பது 60 வயதில் 80 அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பார்கள். விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்தக் கணக்கைத்தான். வயதாக ஆக ரத்தத்தில் குறைகிறது, சரி. அதற்காக மேலே பூசினால் வயது திரும்பிவிடும் என்று ஆகிவிடாது.

நீலமாக இருக்கிறதே, சாயம் கலக்கிறார்களா? மயில்துத்தமா இது?

ஒரு அம்மா என்னிடம் அப்படியே கேட்டார், நல்ல கேள்வி. மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், அதுவும் செம்புதான், இதுவும் செம்புதான், இரண்டுக்கும் நீலம் வருவது அந்தச் செம்பால்தான். ஆனால் மயில்துத்தம் தண்ணீரில் பட்டதும் செம்பைத் தாராளமாக விட்டுவிடும், அதனால்தான் அது தோலை எரிக்கும், வயிற்றுக்குள் போனால் விஷம். பெப்டைட் செம்பை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடி இருக்கும் வரை தோலுக்குச் சாதுவான பொருள். இந்தப் பிடி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வைட்டமின் சி பற்றிச் சொல்லும்போது திரும்ப வரும்.

நல்ல சீரம் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டுப் பார்த்தால் தெளிந்த வானநீலமாக இருக்கும், முகத்தில் பரப்பினதும் நிறம் தெரியாது. அதற்காக நீலத்தைப் பார்த்து மட்டும் நம்பிவிடாதீர்கள், சாயம் போட்டும் நீலமாக்கலாம். வாங்கும்போது நீலமாக இருந்தது பிறகு பழுப்பாகவோ கலங்கலாகவோ மாறினால் அந்தப் பாட்டில் போனது போனதுதான்.

தினமும் போட்டால் உடம்பில் செம்பு சேர்ந்துவிடாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 சதவீத சீரம், ஒரு தடவைக்கு நாலைந்து சொட்டு, அதாவது 0.2 மில்லி. அதில் காப்பர் பெப்டைட் 2 மில்லிகிராம். அதன் எடையில் செம்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, ஆக சுமார் 0.3 மில்லிகிராம். ஒரு பெரியவருக்குச் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்குத் தேவையான செம்பே 0.9 மில்லிகிராம், 10 மில்லிகிராம் வரை உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். நாம் பூசும் அந்த 0.3இலும் தோலைத் தாண்டி உள்ளே போவது கொஞ்சம்தான். மேல்தோல் எண்ணெய்ப் பசையான சுவர், இந்தப் பொருளோ தண்ணீரில் கரைவது. அது உள்ளே போவதே கஷ்டம் என்பதுதான் இதன் பாதுகாப்பு, பலன் குறைவாக இருப்பதற்கும் அதேதான் காரணம்.

வில்சன் நோய் உள்ளவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுடைய கல்லீரலால் செம்பை வெளியேற்ற முடியாது, அது கல்லீரலிலும் மூளையிலும் தங்கிவிடும். அளவு சின்னதுதான் என்றாலும், செம்பைக் குறைக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இதைப் பூச வேண்டிய அவசியம் இல்லை. விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் என்னதான் பக்கவிளைவு வரும்?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வராது. வந்தால் லேசான எரிச்சல், சிவத்தல், அரிப்பு, தோல் வறண்டு இழுக்கிற மாதிரி ஒரு உணர்வு. கண்ணுக்குள் போனால் கரிக்கும். அமெரிக்காவில் அழகுசாதன மூலப்பொருட்களை ஆராயும் நிபுணர் குழுவும் இதைப் பார்த்துவிட்டு, அப்போது புழக்கத்தில் இருந்த அளவில் பாதுகாப்பானதுதான் என்றே முடிவு சொன்னது.

ஆனால் நம் ஊர்த் தோலுக்கு ஒரு விஷயம் இருக்கிறது, அதை வெளிநாட்டு வீடியோக்களில் அழுத்திச் சொல்வதில்லை. மாநிறமும் கறுப்புமான தோலில் எரிச்சல் போன பிறகும் அந்த இடம் கறுத்து நிற்கும். வெள்ளைத் தோலில் இரண்டு நாளில் மறையும் சிவப்பு நமக்கு மூன்று மாதம், ஆறு மாதம் கரும்புள்ளியாக உட்கார்ந்துவிடும். அதனால் "லேசாக எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எரிந்தால் நிறுத்துங்கள்.

இன்னொன்று, எரிச்சலுக்குக் காரணம் பல நேரம் பெப்டைட்டே இல்லை. அதோடு போட்டிருக்கும் வாசனைப் பொருளோ, கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனமோதான். வாசனை இல்லாததாக வாங்கினாலே பாதிப் பிரச்சினை குறையும்.

பேட்ச் டெஸ்ட் எப்படிச் செய்வது? காதுக்குப் பின்னால் ஒரு நாள் வைத்துப் பார்த்தால் போதுமா?

பேட்ச் டெஸ்ட் என்பது முகத்தில் போடும் முன் சின்ன இடத்தில் பூசிப் பார்ப்பது. அதற்கு ஒரு நாள் போதாது. அலர்ஜி என்பது இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட எட்டிப் பார்க்கும். முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் காலையும் இரவும் ஒரு வாரம் போடுங்கள். ஒன்றும் வரவில்லையா, அப்புறம் தாடை ஓரத்தில் சில நாள், அதன் பிறகு முகம். வாங்கின அன்றைக்கே முழு முகத்துக்கும் போட்டுவிட்டு, மறுநாள் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்று வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

கவரிங் நகை போட்டால் எனக்கு அரிக்கும். இது ஒத்துக்கொள்ளுமா?

கவரிங் நகைக்குள் செம்பு இருப்பது உண்மைதான், ஆனால் அரிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் அதனோடு இருக்கும் நிக்கல். ஜீன்ஸ் பட்டன் படுகிற தொப்புள் பக்கத்திலும் உங்களுக்கு அரிக்கும் என்றால் அநேகமாக நிக்கல்தான். செம்புக்கே அலர்ஜி என்பது அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. உங்களைப் போன்றவர்கள் மேலே சொன்ன ஒரு வார சோதனையைத் தாண்டாமல் முகத்துக்குப் போக வேண்டாம். தோல் டாக்டரிடம் முதுகில் பட்டை ஒட்டி எந்த உலோகம் என்று பார்க்கும் சோதனை இருக்கிறது, அதைச் செய்துவிட்டால் ஆயுசுக்கும் தெளிவு.

போட்டதும் பரு வருகிறது. உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறதா?

இல்லை. ரெட்டினால், சாலிசிலிக் ஆசிட் மாதிரி தோல் உரிவதை வேகப்படுத்தும் பொருட்கள் போட்டால் ஆரம்பத்தில் பரு கூடுவது உண்டு. காப்பர் பெப்டைட் அந்த வேலையைச் செய்வதில்லை. அதனால் புதுப் பரு வந்தால் அந்த சீரத்தின் அடிப்பொருள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் ஒரே அளவில் பொடிப்பொடியாக அரிப்போடு வந்தால் அது பருவே இல்லாமல் பூஞ்சையாகக்கூட இருக்கலாம், வியர்த்துக் கொட்டும் சித்திரை வைகாசியில் அது சகஜம். டாக்டரிடம் காட்டுங்கள்.

வைட்டமின் சி, ரெட்டினால், ஆசிட் எல்லாம் கூடப் போடலாமா?

செம்புக் குடத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்தால் அம்மா என்ன செய்வார்? புளியைப் போட்டுத் தேய்ப்பார். புளியின் அமிலம் செம்பைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். கிளைக்காலிக், சாலிசிலிக் மாதிரியான ஆசிட் சீரம்களுக்கு மேல் காப்பர் பெப்டைட்டைப் போட்டால் கிட்டத்தட்ட அதேதான் நடக்கிறது. பெப்டைட்டின் பிடி தளர்ந்து செம்பு தனியாக வந்துவிடும்.

வைட்டமின் சியில், அதாவது அஸ்கார்பிக் ஆசிட்டில், இன்னும் ஒரு சிக்கல் கூடுதல். செம்பு பட்டால் வைட்டமின் சி வேகமாக ஆக்ஸிஜனேற்றமாகிக் கெட்டுப்போகும். ஆக இரண்டையும் சேர்த்தால் இரண்டும் வீண், போனஸாக எரிச்சல். விஷமாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, அதெல்லாம் இல்லை.

நானே இதை அனுபவித்தேன். முதல் மாதம் ஆர்வத்தில் காலையில் 15 சதவீத வைட்டமின் சி போட்டு அது காய்வதற்குள் நீல சீரத்தையும் போட்டேன். நாலாவது நாள் மூக்கின் இரண்டு பக்கமும் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி காந்தியது, அங்கே விழுந்த கறுப்பு தீபாவளிக்கு வந்தது பொங்கல் வரை போகவில்லை. இப்போது வைட்டமின் சி காலையில், பெப்டைட் இரவில். ஆசிட் போடும் இரவுகளில் பெப்டைட் கிடையாது. ரெட்டினாலோடு வேதியியல் சண்டை ஒன்றும் இல்லை, ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒரே வாரத்தில் இரண்டையும் தொடங்கினால் எது எரிக்கிறது என்றே தெரியாமல் போகும். நியாசினமைட், ஹயலூரானிக் ஆசிட், செராமைட் எல்லாம் தாராளமாகச் சேரும். ஹயலூரானிக் பெயரில்தான் ஆசிட் இருக்கிறது, அது உரிக்கிற ஆசிட் இல்லை.

'காப்பர் அக்லீஸ்' என்கிறார்களே, முகம் தொங்கிப்போகுமாமே?

அதிகமாகப் போட்டவர்கள் சிலர், சுருக்கம் கூடிவிட்டது, தோல் தளர்ந்துவிட்டது என்று எழுதப்போய் இணையத்தில் வந்த பெயர் இது. மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் கிடையாது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. சோதனைக்கூடத்தில் தோல் செல்களில் காப்பர் பெப்டைட் போட்டபோது தோலை இறுக்கமாக வைத்திருக்கும் புரதமான கொலாஜனில் பழையதை உடைக்கும் நொதியும் கூடியது, அதை அடக்கும் புரதமும் கூடியது, புதுக் கொலாஜனும் கூடியது. பழைய சுவரை இடித்துப் புதுச் சுவர் கட்டுகிற வேலை அது. அளவு மீறினால் இடிப்பது கூடிவிடும் என்பது ஊகம்தான், மனிதர்களில் நிரூபிக்கப்படவில்லை. பல பேருக்கு நடப்பது வெறும் வறட்சி, தோல் வறண்டால் கோடுகள் பளிச்சென்று தெரியும். எதுவானாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், சதவீதம் கூடினதைத் தேடி ஓடவும் வேண்டாம்.

டெர்மா ரோலர் போட்டுவிட்டு மேலே இந்த சீரம் போட்டால் நன்றாக இறங்கும் என்கிறார்களே?

டெர்மா ரோலர் என்பது நுண்ணிய ஊசிகள் பதித்த சின்ன உருளை. போட்டால் இறங்கும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். தோலுக்குப் பூசும் பொருளைத் தோல் என்ற கதவு மூடியிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் தயாரிக்கிறார்கள். ஊசியால் ஆயிரம் ஓட்டை போட்டுவிட்டால் பெப்டைட்டோடு வாசனையும் பதப்படுத்தும் ரசாயனமும் கிருமியும் சேர்ந்தேதான் உள்ளே போகும். 2014இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் மூன்று பெண்களைப் பற்றி எழுதினார்கள். நுண்ணூசி சிகிச்சையோடு மேலே பூசும் பொருட்களைப் போட்டதில் அவர்கள் முகத்தில் கட்டி கட்டியாகக் கிரானுலோமா, அதாவது அழற்சிக் கட்டிகள், வந்தது. அங்கே வில்லன் காப்பர் பெப்டைட் இல்லை, ஆனால் வழி இதே வழிதான். டாக்டர் செய்தால் அதற்கென்று கிருமி நீக்கிய பொருளை அவரே வைத்திருப்பார். குளியலறையில் ரோலரை உருட்டுவது வேண்டவே வேண்டாம்.

ஜிஎச்கே-சியு ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

போன மாதம் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் கைப்பையிலிருந்து சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். அடியில் நீலப் பொடி, வெல்லக்கட்டி உடைந்த மாதிரி ஒட்டியிருந்தது. ரப்பர் மூடி, மேலே ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் பெயரும் 50 மில்லிகிராம் என்ற எண்ணும் மட்டும்தான். தயாரித்தவர் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று இருந்தது. "இன்சுலின் சிரிஞ்சு ஒரு பாக்கெட் கொடுங்க அக்கா, கலக்கிப் போட ஸ்டெரைல் வாட்டரும் வேணும்" என்றாள். வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ அளவு சொல்லியிருக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினேன்.

அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்த ஜிஎச்கே-சியு ஊசி மருந்து என்று ஒன்று கிடையாது. 2023இல் அந்த எஃப்டிஏ, மருந்தகங்கள் தாங்களே கலந்து தயாரிக்கும் பொருட்களின் பட்டியலில் ஊசியாகப் போடும் ஜிஎச்கே-சியுவைப் பாதுகாப்பு ஆபத்து இருக்கக்கூடிய வகையில் வைத்தது. பெப்டைட்டோடு வரும் கலப்புப் பொருட்களும், நம் எதிர்ப்புச் சக்தி அதை எதிரியாக நினைத்துத் தாக்கத் தொடங்கலாம் என்பதும்தான் அவர்களுடைய கவலை. பூசும் சீரத்தை இந்த வகையில் வைக்கவில்லை, ஊசியை மட்டும்தான். ஒரே பொருள்தான், ஆனால் போகும் வழி வேறு.

பூசினால் உள்ளே போவது துளி, ஊசியில் முழுவதும் உள்ளே. மேலே போட்ட செம்புக் கணக்கு இங்கே செல்லாது. குப்பியில் கிருமி இருந்தாலும், பாக்டீரியா செத்து விட்டுப்போன நச்சு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போட்ட சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் வரலாம், சில நாளில் சீழ்க்கட்டி வரலாம். போட்ட இடம் தீயாய் எரிகிறது, தடித்துப் போகிறது என்று போட்டவர்களே சொல்கிறார்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதற்கு யாரும் சோதித்து வைத்த அளவு இல்லை. வெள்ளையாகிறேன் என்று குளுட்டாதயோன் டிரிப் ஏற்றிக்கொள்ளப் போனவர்கள் வரிசையில் இப்போது இதுவும் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் நிறுத்துங்கள். காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் குப்பியையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், பால் கொடுக்கிறேன். போடலாமா?

கர்ப்பிணிகளில் இதைச் சோதித்ததில்லை. ரெட்டினால் மாதிரி குழந்தையைப் பாதிக்கும் என்ற எச்சரிக்கை இதற்கு இல்லை, இருந்தாலும் சுருக்கத்துக்கு அந்த ஒன்பது மாதத்தில் அவசரம் ஒன்றும் இல்லை. மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போதும். போட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் மகப்பேறு டாக்டரிடம் லேபிளைக் காட்டிக் கேளுங்கள். பால் கொடுக்கும்போது மார்பிலோ குழந்தையின் கன்னம் உரசும் கழுத்திலோ பூச வேண்டாம்.

கேன்சர் வருமா?

முகத்தில் பூசி யாருக்கும் கேன்சர் வந்ததாக ஆதாரம் இல்லை. இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்றால், காப்பர் பெப்டைட் புது ரத்தக்குழாய் வளர்வதைத் தூண்டும், கட்டிகளுக்கும் ரத்தக்குழாய் வேண்டும், செம்பும் வேண்டும். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பயப்படுகிறார்கள். தோல் கேன்சருக்குச் சிகிச்சை எடுத்தவர்கள், நிறமோ வடிவமோ மாறிக்கொண்டிருக்கும் மச்சம் உள்ளவர்கள் சீரத்தை விட்டுவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். மற்றவர்கள் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

முகம் சிவந்து அரிக்கிறது, இப்போது என்ன செய்ய?

எல்லா சீரத்தையும் நிறுத்துங்கள், நீலத்தை மட்டுமில்லை. குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஈரத்துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். வாசனை இல்லாத சாதா மாய்ஸ்சரைசர் போதும், பகலில் சன்ஸ்கிரீன். மஞ்சள், எலுமிச்சை, கடலை மாவு எதுவும் வேண்டாம்.

கெஞ்சிக் கேட்கிறேன், கடைக்கு வந்து "ஒரு க்ரீம் கொடுங்க" என்று ஸ்டீராய்டு க்ரீம் வாங்காதீர்கள். மூன்று மருந்து கலந்த அந்த ட்யூப் இரண்டு நாளில் சிவப்பை அடக்கிவிடும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிய ஆரம்பித்து, நிறுத்தினால் முகம் பற்றி எரியும் நிலைக்கு வந்துவிடும். 2018இலேயே பூசும் ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கொண்டு வந்துவிட்டார்கள், கேட்டால் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன.

நாலைந்து நாளில் குறையவில்லை, கொப்புளம், நீர் வடிதல் இருக்கிறது என்றால் தோல் டாக்டர். உதடோ கண்ணோ வீங்கினால், மூச்சு இழுத்தால், காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

இவ்வளவு பார்த்துப் போட்டால் பலனாவது இருக்குமா?

கொஞ்சம் இருக்கும். மனிதர்களில் நடந்த சோதனைகள் சின்னவை, 70 பெண்கள், 12 வாரம் என்ற கணக்கில், அதிலும் பல கம்பெனிகள் தொடர்புடையவை. மெல்லிய கோடுகள் குறைந்தன, தோல் கொஞ்சம் இறுகியது என்று அவற்றில் வந்தது. எனக்கு ஐந்தாவது மாதம் வாக்கில் தோல் மிருதுவானது தெரிந்தது, சுருக்கம் போனதா என்று கேட்டால் கண்ணாடி முன் நின்று சத்தியம் செய்ய மாட்டேன். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சன்ஸ்கிரீன் வாங்குங்கள்.

நிறுத்தினால் முகம் இன்னும் மோசமாகுமா?

ஆகாது, இது பழக்கப்படுத்தும் மருந்தில்லை. சீரத்தால் வந்த மிருது சில வாரங்களில் மெதுவாகக் குறையும், பழைய முகத்தை விடக் கீழே போகாது. பாட்டிலில் மிச்சம் இருந்தால் கழுத்துக்கும் புறங்கைக்கும் போட்டு முடிக்கலாம். திறந்து எத்தனை மாதம் வரை வைக்கலாம் என்று டப்பாவில் மூடி திறந்த மாதிரி ஒரு சின்னப் படத்துக்குள் எண் போட்டிருப்பார்கள், அதைத் தாண்டியிருந்தால் குப்பையில் போட்டுவிடுங்கள்.